பாறை விளிம்பில் ஒரு சிரிப்பு

படம் கழுவும் கலர் லெப்பிலிருந்து வந்த கவரைப் பதியுதீன் மூன்றாவது தடவையாகக் கவிழ்த்துக் கொட்டினான். முப்பத்தாறு படங்கள். மேகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, அதற்குக் கீழே அதலபாதாளம், அடியில் தீப்பெட்டிகளாகத் தோட்ட வீடுகள், மறுபடியும் பாறை. ஒவ்வொன்றின் மூலையிலும் அந்தச் சனிக்கிழமையின் திகதி சிவப்பாகப் பதிந்திருந்தது. ஆள் ஒருவர்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமையைத்தான் வீடே தேடிக்கொண்டிருந்தது. சாய்ந்தமருதிலிருந்து வேன் பிடித்து, சொந்தக்காரர் எல்லாரும் மலைநாட்டில் உலக முடிவு என்ற பாறை விளிம்பைப் பார்க்கப் போன நாள் அது. அதே நாளில் எங்கோ ஒரு குண்டு வெடித்தது. வைத்தவனின் சாயல் இருக்கிறதென்று பதியுதீன் மனைவியின் தம்பி இஹ்ஸானைச் சோதனைச் சாவடியில் பிடித்து, ஆறு நாளாக முகாமில் வைத்திருக்கிறார்கள். அவனும் மலைக்கு வந்தான் என்ற சொந்தக்காரர் வாய்ச்சொல் செல்லாதாம். திகதியோடு படம் இருந்தால் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் விடிந்ததும் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்களாம். அப்படி ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

படத்துக்கா பஞ்சம்? ஸ்டூடியோக்காரன் பதியுதீன் அல்லவா கூடப் போனான்! அவன் வருகிறான் என்றுதானே மற்றவர்கள் கமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

கலியாண வீடுகளில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. என்னையும் எடு, என்னையும் எடு என்று வந்து நிற்பவர்களின் மனம் நோகாமலிருக்க, பிலிம் போடாத பழைய கமராவால் வெளிச்சம் மட்டும் அடித்து அனுப்பிவிடுவான். உலக முடிவிலும் அதையே செய்தான். கலண்டர் அச்சிடுகிற ஒருவர் மலைப் படங்கள் கேட்டிருந்தார். திகதி பதியும் நல்ல கமராவைப் பாறைகளுக்கென்று ஒதுக்கிவிட்டான். இஹ்ஸான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விளிம்பில் போய் நின்று, "மச்சான், நல்லா வருமா?" என்று கேட்டான். "ஓம், இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்றான் இந்த மகாராசன். பிறகு அவனைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, வெறும் பாறையை மூன்று தடவை எடுத்தான்.

பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டான். ஒரு சட்டை நுனிகூட இல்லை.

கதவு திறந்தது. மருமகன் முன்னால் வராமல் கதவுக்குப் பின்னால் நின்றே கதைத்துப் பழகிய மாமி ஹவ்வா உம்மா, இன்று நேரே உள்ளே வந்தார்.

"படம் வந்திட்டாம் எண்டாங்க. தாங்க மகன், மஃரிப் தொழுகைக்கு முதல் கொண்டு போய்க் குடுக்கணும்."

பதியுதீன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்குமுன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டான்.

ஹவ்வா உம்மா கத்தவில்லை. படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எந்தக் கல்லுல நிண்டான்?"

அவன் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினான். அவர் அதை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டார்.

"மாமி, அதுல ஆள் இல்லியே."

"இடமெண்டாலும் இருக்குதானே. காட்டிப் பாக்கிறன்."

வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"பிலிம் இல்லாட்டி, அந்தப் புள்ளய ஏன் மகன் சிரிக்கச் சொன்னீங்க?"