மூலையில் நிற்கும் ஊசி

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்கியது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் உத்தி போலத் தெரியும்.

மூன்று வாரமாக என் இடது கண்ணின் கீழிமை துடித்துக்கொண்டிருந்தது. வேலூரில் ஒரு நரம்பியல் மருத்துவரின் காத்திருப்புக் கூடத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். இருவரிடமும் ஒரே ஷூ தொழிற்சாலையின் அடையாள அட்டை. ஒருத்தியின் கழுத்து அவ்வப்போது வலப்பக்கம் வெடுக்கென்று வெட்டியது. கூடவே தொண்டையில் ஒரு சிறு சத்தம். அறியாதவர்களிடம் பேசுகிற ஆள் அல்ல நான். அறிந்தவர்களிடமே குறைவு. அன்று ஏனோ ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“எனக்கும் இதேதாங்க. மூணு வாரமா.”

அவள் என் கண்ணைப் பார்த்தாள். “எங்க, நிறுத்துங்க பாக்கலாம்.”

முயன்றேன். இமை, சுவரில் ஒட்டிய பல்லியின் தொண்டை போல, தன் பாட்டுக்குத் துடித்தது.

“முடியலயா? சரி, வர்றதுக்கு முன்னாடியாவது தெரியுதா?”

“இல்லை. வந்த பிறகுதான் தெரியும்.”

“எனக்கு முன்னாடியே தெரியும் சார். சட்டைக்குள்ள முடி குத்துமே, அந்த மாதிரி. ஆனா வெளிய இல்ல, கழுத்துக்குள்ள. ஆட்டுனா தான் அது போகும். இப்ப நிறுத்தறேன், பாருங்க.”

நிறுத்தினாள். டோக்கன் பலகையில் சிவப்பு எண் 41 இருந்தது. அது 44 ஆகும்வரை அவள் கழுத்து அசையவில்லை. துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே போன விரல்கள் வெளுத்துவிட்டன. கண்ணில் நீர் கட்டியது. பிறகு விட்டாள். ஏழெட்டு முறை தொடர்ந்து வந்தது. கூட வந்தவள் அவள் முதுகைத் தடவியபடி என்னைப் பார்த்தாள்.

“சந்தோஷமா சார்? சும்மா இருந்தவள கெளப்பி வுட்டுட்டீங்க.”

தடவியவள் மெர்சி. நிறுத்திக் காட்டியவள் லுப்னா.

2

இருவரின் சம்மதமும் போன் எண்ணும் வாங்கிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்தேன். கதையின் தொடக்கங்கள்:

லுப்னாவின் கழுத்து, கிளைவிட்டுக் கிளை பார்க்கும் ஒரு பறவையின்

(நிறுத்திவிட்டேன். பறவை எனக்கு அழகு. கழுத்து அவளுக்கு வலி.)

ஏழு வயதில் ஆம்பூரில் ஒரு பள்ளி அறையில் முதன்முதலாக

(இது வாழ்க்கை வரலாறு. நான் எழுத வந்தது அதுவல்ல.)

ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் பையர்கள் வந்த அன்று, ஷூவின் மேல்பகுதியைத் தைத்துக்கொண்டிருந்த லுப்னாவின் கழுத்து வெட்டியது. ஊசி வரியை விட்டு விலகியது. தோலில் இரண்டு ஓட்டைகள் விழுந்தன.

இது நின்றது. எனக்குப் பிடித்தும் இருந்தது. துணியில் தப்பாகத் தைத்ததைப் பிரித்தால் ஓட்டை கொஞ்ச நாளில் மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. அந்தப் பீஸ் போனது போனதுதான். அந்த இரண்டு ஓட்டைகளுக்காக, ஒன்பது வருடம் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை நூல் முனை வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். மெர்சி இன்னும் மிஷினில் இருக்கிறாள். பக்கத்து மிஷின் லுப்னாவுடையது. அதில் இப்போது வேறு யாரோ.

அந்த இடம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அன்று வேலூருக்கு வந்திருந்தாள்.

3

தொழிற்சாலையின் மருந்தக அறையில் முதலில் கொடுத்த சீட்டில், ‘தசைத் துடிப்பு, இயந்திரத்தில் அமர்த்த வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. வேலூர் மருத்துவர் அதை மறுத்தார். இது தசை தானாகத் துடிப்பதல்ல, ‘டிக்’ என்னும் நரம்புக் கோளாறு என்றார். முன்கூட்டி ஓர் உந்துதல் வரும், அசைத்தால் தணியும், கைக்கோ புத்திக்கோ இதனால் குறைவில்லை, கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும், மிஷினில் வேலை செய்யலாம். அப்படியே கடிதமாக எழுதிக் கொடுத்தார்.

(என்னுடையதுதான் தசைத் துடிப்பு. தூக்கமும் காபியும் காரணம், தானே போய்விடும் என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். எனக்குக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை.)

தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரி அந்தக் கடிதத்தை முழுதும் படித்தார். ஒரே ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டார்.

“அடக்க முடியும்னு டாக்டரே எழுதியிருக்காரே. அப்ப அடக்கும்மா. புதன்கிழம ஒரு மணி நேரம், ஒரு வாட்டி கூட வராம தச்சு காட்டு. அன்னிக்கே மிஷின் சீட்டு உனக்கு.”

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். என் இமையை யாரும் அடக்கச் சொல்ல மாட்டார்கள். முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். லுப்னாவுக்குக் கொஞ்சம் முடியும். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் அவளைக் கேட்கிறார்கள்: அப்படியானால் ஏன் செய்கிறாய்? அம்மா கேட்டிருக்கிறார், டீச்சர் கேட்டிருக்கிறார், இப்போது எச்.ஆர். கேட்கிறார்.

இதைப் போனில் அவளிடம் சொன்னபோது, “மூச்ச கூட தான் பிடிச்சு வெக்க முடியும்” என்றாள். என் நான்கு பக்கங்களை எடுத்துவிட்டு இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் மெர்சியின் வீட்டுக்கு வரைவை எடுத்துக்கொண்டு போனேன். லுப்னா உருது வழியில் படித்தவள், தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாள் என்பதால் மெர்சி உரக்கப் படித்தாள். ‘கழுத்து வெட்டியது’ என்று வரும் இடங்களிலெல்லாம் லுப்னாவுக்கு வந்தது. நான் அதைப் பதினோரு இடங்களில் எழுதியிருந்தேன்.

“சார், இத படிச்சா இவளுக்கு ஜாஸ்தி ஆவுது. கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்றாள் மெர்சி.

ஒன்பதை அடித்தேன். (இனி அதை எழுதப்போவதில்லை. எழுதாததால் வரவில்லை என்று நினைக்க வேண்டாம்.)

அடுத்து பையர்கள் வந்த நாள். மெர்சி படித்து முடித்ததும் லுப்னா கையை நீட்டித் தாளை வாங்கினாள்.

“இன்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க?”

“ஏன், ஓட்டை அப்படித்தானே விழுந்தது?”

“அன்னிக்கு ஆடவே இல்ல சார். ஆட்டாததுனால தான் விழுந்துச்சு.”

அவள் மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, அதன் ஓரத்தை விரலால் தைத்துக் காட்டினாள்.

“இப்டி வரி போவுது. மூலை வந்தா யாரா இருந்தாலும் நிறுத்தணும். ஊசிய தோலுக்குள்ளயே வுட்டுட்டு, கால மிதியில இருந்து எடுத்துட்டு, பீஸ திருப்பணும். ஊசி உள்ள இருக்கறதால பீஸ் நகராது. அங்க தான் நான் ஆட்டிக்குவேன். மூலை வர்ற வரைக்கும் பிடிச்சுக்குவேன், மூலையில வுட்ருவேன். ஒம்போது வருஷமா அப்டித்தான். யாருக்குமே தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றாள் மெர்சி.

“ஒனக்கு எதுதான் தெரியாது? அன்னிக்கு பையருங்க பின்னாடியே நின்னாங்க சார். சூப்பர்வைசர் ராமமூர்த்தி சார் கண்ணாலயே சொன்னாரு, ஆட்டாதேன்னு. மூணு மூலை தாண்டிப் பிடிச்சேன். மனசு பூரா கழுத்துல இருக்கு, கையில இல்ல. வரிய வுட்டு வெளிய போய்ட்டேன்.”

“நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? சொல்லலையா?” என்று மெர்சியைக் கேட்டேன்.

“யாரு சார் கேட்டாங்க?”

ஆக, பிடித்திருந்த அந்தப் பத்தி தவறு. மேலே அதை அப்படியே விட்டிருக்கிறேன். நானும் தொழிற்சாலையும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும். என் இமைக்கு மூலை எதுவும் தெரியாது. துடிக்கத் தோன்றினால் நடு வரியிலும் துடிக்கும். அவள் தன்னுடையதை மூலைவரை கூட்டிப்போய் இறக்கிவிடுகிறாள்.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ. லுப்னா ஒரு மணி நேரம் அடக்கிக் காட்டுகிறாள். இடம் கிடைக்கிறது.

“வியாழக்கெழம யாரு பிடிச்சு வெப்பாங்க? நீங்களா?” என்று கேட்டாள் லுப்னா.

ஆ. அடக்க மறுக்கிறாள். மேசைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

“அதுக்குள்ள ஏன் சார் என்ன தோக்க வெக்கிறீங்க?”

இ. எச்.ஆர். அதிகாரியின் இமை துடிக்கத் தொடங்குகிறது, அப்போது அவர்

(இதை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.)

“அப்ப புதன்கிழமை என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

அவள் தீப்பெட்டியின் ஓரத்தை மறுபடி விரலால் தைத்தாள். மெர்சி டீ போட எழுந்து உள்ளே போனாள்.

“ஒக்கார்றதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். வரும், பிடிச்சு வெக்க மாட்டேன், மூலையில தான் வரும்னு. கழுத்த எண்ணாதீங்க, தச்சத பாருங்கன்னு. ஒரு மணி நேரத்துல பன்னெண்டு ஜோடி. அதுல ஒரு ஓட்டை தப்பா இருந்தாலும் நானே எந்திரிச்சு மேசைக்குப் போய்டறேன்.”

“ஒப்புக்குவாங்களா?”

“அது அவங்க வேல. தைக்கிறது தான் என் வேல.”

உள்ளேயிருந்து மெர்சியின் குரல் வந்தது. “பன்னெண்டுல நிறுத்திக்கடி. பதினஞ்சு தச்சு காட்டுனா அப்புறம் எங்க எல்லாருக்கும் அதான் டார்கெட்டு.”

லுப்னா சிரித்தாள்.

6

இன்று புதன்கிழமை, காலை பத்து மணி. அவள் இந்நேரம் உட்கார்ந்திருப்பாள்.

என் இமை துடிப்பதில்லை. எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. வந்ததிலும் போனதிலும் எனக்குப் பங்கு இல்லை. ‘எனக்கும் இதேதான்’ என்று அவளிடம் சொன்னவன் இதை எழுதியே ஆக வேண்டும்.

நேற்று மாலை லுப்னா போன் செய்தாள். “என்னாச்சுன்னு நீங்க எழுதாதீங்க சார். நீங்க என் பக்கம். நீங்க சொன்னா செல்லாது” என்றாள்.

ஆகவே என் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டேன். ஊசி உள்ளேயே நிற்கட்டும்.

உங்கள் முன்னால் பன்னிரண்டு ஜோடி மேல்பகுதிகள் இருக்கின்றன. கறுப்புத் தோல், கறுப்பு நூல். விளக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து வரியை விரலால் தடவுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஊசி ஒரு கணம் நின்று திரும்பியிருக்கிறது. எல்லோருடைய தையலிலும் அது நின்று திரும்பும் இடம்தான். எந்த மூலையில் அவளுக்கு வந்தது, எந்த மூலையில் வரவில்லை என்று தோலைப் பார்த்து உங்களால் சொல்ல முடிந்தால், அவளை மேசைக்கு அனுப்பிவிடுங்கள்.

முடியாவிட்டால், படிவம் கீழே இருக்கிறது.

பெயர்: லுப்னா
வேலை: மிஷின் ஆபரேட்டர்
பார்வையிட்டவர் கையெழுத்து: ....................