மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம்

"இம்மாம் பெரிய வண்டிய வச்சிக்கினு ஆட்டுக்கு ஹார்ன் அடிக்கிறியே நைனா, ஆடு இன்னா லைசென்ஸ் எடுத்துக்கினா ரோட்டுக்கு வந்துது?"

செல்லியம்மா இப்படிக் கேட்டதும் டிரைவர் இஸ்ரேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே போகும் மண்பாதை அது. பாதை நிறைய அவளுடைய ஆடுகள். எதிரே இவனுடைய டிரெய்லர் லாரி. முன்பக்கம் மேடாகவும், பின்னால் ஒரு படி இறங்கினாற்போல் தாழ்வாகவும் இருக்கும் நீள வண்டி. அந்தத் தாழ்ந்த பாகத்தில் நெல் அறுக்கும் மிஷின் ஏறி உட்கார்ந்திருந்தது. முந்தின நாளே இங்கே அறுப்பு முடிந்துவிட்டது. இனி நகரிப் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்துக்குப் போக வேண்டும். அங்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறதாம். அந்த மனுஷன் விடிந்ததிலிருந்து போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஓட்டிக்கோ அக்கா, அவசரம்" என்றான் இஸ்ரேல்.

"உனக்கு எப்பத்தான் அவசரம் இல்ல?" என்று சொல்லிக்கொண்டே அவள் ஆடுகளை வரப்புக்கு ஒதுக்கினாள். தோளில் ஒரு துரட்டி வைத்திருந்தாள். நீள மூங்கில், அதன் நுனியில் தழை அறுத்துப் போட வளைந்த இரும்பு. "பாத்துப் போ, வளைவுல பள்ளம் இருக்குது. வெயில் ஏறி மோட்டாருக்குக் கரண்ட் வந்தா நான் இந்த வழியாத்தான் திரும்பி வருவேன், தொட்டியில ஆட்டுக்குத் தண்ணி காட்ட. அப்பவும் இங்கியே மாட்டிக்கினு நிக்காத."

"அதுக்குள்ள நான் கார்வேட்டிநகரம் தாண்டிடுவேன் அக்கா."

போகிறபோது சினை ஆடு ஒன்று நடக்க மாட்டாமல் நடந்தது. கீழே இறங்கி, அதன் முதுகைத் தட்டி ஓரமாக விட்டுவிட்டு ஏறினான். அவ்வளவு நல்ல மனநிலை அவனுக்கு.

வளைவுக்கு அப்பால் பாதைக்குக் குறுக்கே மோட்டார் லைன் போனது. தாழ்ந்த கம்பி. இந்தப் பக்கத்து டிரைவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விவசாய மோட்டார்களுக்கு நாள் முழுக்கக் கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, மிஷின்மேல் ஒருவர் ஏறிக் காய்ந்த மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார். கீழே வண்டி மெல்ல நகரும். செய்யக்கூடாத வேலைதான். ஆனால் எல்லோரும் செய்கிற வேலை. அதனால் யாருக்கும் அது தப்பாகத் தெரிவதில்லை.

மிஷின் ஆபரேட்டர் சலீம் மேலே ஏறினார். "போ இஸ்ரேல், போ, மெள்ள..." என்றார். மிஷினிலிருந்து நெல்லைக் கொட்டும் குழாயை மடக்கிக் கட்ட இருவருமே அன்று மறந்திருந்தார்கள். கம்பி மூங்கிலிலிருந்து நழுவிக் குழாயில் மாட்டியது. சலீம் கத்துவதற்குள் வண்டி இரண்டு முழம் போய்விட்டது. டக்கென்று ஒரு சத்தம். கம்பத்தில் கம்பியைத் தாங்கியிருந்த பீங்கான் குப்பி உடைந்து விழ, கம்பம் ஒருபக்கம் சாய்ந்தது.

இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். குழாயிலிருந்து விடுபட்ட கம்பி அறுந்துவிடவில்லை. ஆனால் ஒரு ஆள் கழுத்து உயரத்துக்குத் தொங்கியது. பாதை ஓரத்தில் வேலிச்செடிகளைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது.

"யாருக்கானா சொல்லணும் பாய்" என்றான் இஸ்ரேல்.

"சொன்னா? வண்டிய இங்கியே நிறுத்திப்பாங்க. கம்பத்துக்குத் தண்டம் கட்டுன்னுவாங்க. ஓனர் நம்ம தோலை உரிச்சிடுவாரு. அங்க மழை வந்தா அந்த நகரி ரைதுவோட நெல்லு போச்சு." சலீம் சுற்றிலும் பார்த்தார். "கரண்ட் இல்ல இப்ப. ஊர்க்காரங்க இந்த வழியில நடக்காமலா இருப்பாங்க? யாராச்சும் பாத்துப்பாங்க, ஏறு."

இஸ்ரேல் கெட்டவனா? சத்தியமாக இல்லை. சித்தூரில் சபைக்குத் தவறாமல் போகிறவன். தினமும் ஸ்டீயரிங்கில் கை வைத்து, "என் வண்டியால ஒரு உசுருக்கும் சேதம் வரக்கூடாது ஆண்டவரே" என்று ஜெபித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். நல்லவன்தான் ஏறி உட்கார்ந்தான். நல்லவன்தான் கியர் போட்டான்.

தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் செல்லியம்மா சொன்னது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. மோட்டாருக்குக் கரண்ட் வந்தா நான் இந்த வழியாத்தான் வருவேன். தோளில் துரட்டி. நுனியில் இரும்பு. ஆட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்து நடக்கிறவள் தலைக்குமேல் எதைப் பார்ப்பாள்?

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். டிரெய்லர்மேல் மிஷின் இருந்தது. அதற்கும் பின்னால், வெறும் ரோட்டில், துரட்டியோடு ஒரு பெண் நடந்து வருவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

வழியில் டிபன் சாப்பிட நிறுத்தினார்கள். இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. "இன்னா, உடம்பு சரியில்லையா?" என்று சலீம் கேட்டார். "ஒண்ணுமில்ல பாய்" என்றான். போனை எடுத்தான். யாருக்குப் போடுவது? போட்டால் இந்த நம்பரை வைத்து வண்டியைப் பிடித்துவிட மாட்டார்களா? போனை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்று அவன் செய்த மூன்றாவது தப்பு அது. முதல் இரண்டையும்விடப் பெரியது, ஏனென்றால் கம்பியை இடித்தது தெரியாமல் நடந்தது, விட்டுவிட்டு வந்தபோது அவள் நினைவு வரவில்லை.

வெயில் ஏற ஏற அவன் கண் ரோட்டில் நிற்கவில்லை. வயல் பக்கமே போனது. ஒவ்வொரு கிணற்றடியிலும் பைப்பைப் பார்த்தான். பைப் வாய் காய்ந்திருந்தால் மூச்சு வந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. அவள் இன்னும் இருக்கிறாள். அடுத்த கிணறு, அதுவும் காய்ந்திருக்கிறது. அடுத்தது. வேறு எந்த டிரைவராவது தண்ணீர் வராத பைப்பைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பானா?

கார்வேட்டிநகரம் தாண்டியதும் அவனால் முடியவில்லை. வண்டியை ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினான். பக்கத்து நிலத்தில் மோட்டார் கொட்டகையும் தொட்டியும் இருந்தன. தொட்டியில் பாதித் தண்ணீர் கிடந்தது. முகம் கழுவலாம் என்று பைப்புக்குக் கீழே குனிந்தான்.

கொட்டகைக்குள் மோட்டார் உறுமியது. யாரும் சுவிட்ச் போடவில்லை. கரண்ட் வந்தால் தானே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். பைப் இருமியது, பிறகு தண்ணீர் பொத்தென்று அவன் தலையில் கொட்டியது.

"ஐயோ!" என்று அலறி இஸ்ரேல் பின்னால் விழுந்தான். பாம்பு கடித்துவிட்டதோ என்று நிலத்துக்காரர் ஓடி வந்தார்.

"கங்காதர நெல்லூர் பக்கம் எப்ப கரண்ட் வரும்?" ஈரத் தலையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த லைனு வேறப்பா. எங்களுக்கு முன்னாடியே உட்டுருப்பாங்க. ஏன், இன்னா ஆச்சு?"

முன்னாடியே. அந்தச் சொல் இஸ்ரேலுக்குப் போதுமாக இருந்தது. நடந்ததைச் சொன்னான். அவர் யார் யாரையோ கேட்டு, அந்தப் பக்கத்து லைன்மேன் நம்பரை வாங்கிக் கொடுத்தார். போட்டான். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. மறுபடி போட்டான். அதேதான். மறுபடியும் அதேதான்.

டிரெய்லர்மேல் சலீமின் பைக் கட்டிக் கிடந்தது. இஸ்ரேல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"பைத்தியமா உனக்கு? இந்நேரம் எதானா ஆயிருந்தா, போய் நின்னா உன்னத்தான் புடிச்சி அடிப்பாங்க!"

"அடிக்கட்டும் பாய்."

"எதுவும் ஆவலன்னா?"

"அதத்தான் பாக்கணும்" என்றபோது இஸ்ரேலுக்கு அழுகை வந்துவிட்டது. "பாக்கலன்னா நான் தூங்க மாட்டேன். இனிமே எந்த மோட்டார் ஓடினாலும் எனக்கு அவ மூஞ்சிதான் தெரியும்."

சலீமும் முடிச்சை அவிழ்க்கக் கூட வந்தார்.

திரும்பிப் போன அந்த வழி நெடுக எல்லாப் பைப்பும் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சத்தம். காலையில் இதே வழியில் வந்தவன்தான், இப்போது காதைப் பொத்திக்கொள்ளக் கை இல்லாமல் வண்டி ஓட்டினான். ஜெபம் செய்யப் பார்த்தான். "என் வண்டியால..." என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை.

மண்பாதையில் திரும்பியதும் தூரத்தில் கூட்டம் தெரிந்தது. பாதை நடுவே தரையில் எதையோ கிடத்தி, மேலே பழம்புடவை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் துரட்டி கிடந்தது. பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினான். "அக்கா! அக்கா!"

"ஏன் கத்திக்கினு வர்ற, இங்கதான் கீறேன்" என்றது ஒரு கரகரத்த குரல்.

செல்லியம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. புடவைக்குக் கீழே கிடந்தது காலையில் அவன் தட்டிக்கொடுத்த சினை ஆடு. லைன்மேன் கம்பத்துமேல் இருந்தார். கரண்டை நிறுத்தியாகிவிட்டது. கூட்டத்தில் பாதி, பை மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். கோடைக்கு ஒருவேளைப் பள்ளிக்கூடம், மத்தியானமே விட்டுவிடும்.

"எந்த வண்டிக்காரன் இட்சிட்டு போனான், பாத்தியாம்மா?" என்று மேலிருந்து லைன்மேன் கேட்டார்.

செல்லியம்மா இஸ்ரேலைப் பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றான் இஸ்ரேல்.

கூட்டம் அவனை நெருங்கியது. லைன்மேன் அவசரமாக இறங்கி வந்தார். "தெரியாம இட்சிட்ட, சரி. ஒரே ஒரு போன் போட்டிருந்தா அப்பவே லைன நிறுத்தியிருப்பேனே! தண்டமெல்லாம் அப்பறம்யா, மொதல்ல உசுரு இல்லையா? இந்தம்மா சொல்லி அனுப்பினப்பறம், ஊரே எனக்குப் போன் போட்டுச்சி."

தன் போன் அவருக்குக் கிடைக்காத நேரத்தில், தான் சொல்லவேண்டியதை வேறு யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது இஸ்ரேலுக்கு அப்போதுதான் புரிந்தது. அவமானத்தில் தலை தொங்கிப் போனது.

செல்லியம்மா ஆட்டைக் காட்டினாள். "வேலியில தழை துன்ன முன்கால தூக்கி வச்சிது. அப்டியே வெடவெடன்னு ஒதறி வுழுந்துது. துரட்டியால இழுக்கப் போனேன். இரும்பாச்சேன்னு அப்பத்தான் நெனப்பு வந்து கீழ போட்டேன். எனுக்கும் அதுக்கும் ஒரு முழந்தான் நைனா இருந்துது."

"ஊருக்குள்ள போய்ச் சொல்லியிருக்கலாமே அக்கா..."

"போனா? இஸ்கூலு வுட்டு பசங்க இந்த வழியாத்தான் ஓடி வரும். நான் அந்தாண்ட போறப்ப பசங்க இந்தாண்ட வந்துட்டா? என்கிட்ட போனும் இல்ல. அதான் கத்திக்கினே நின்னேன். தண்ணிகூட குடிக்கல. பசங்க வந்தப்பறம் அதுங்கள தூரமா நிக்க வச்சி, ரெண்டு பெரிய பசங்கள சுத்துவழியா ஊருக்கு அனுப்பினேன்."

இஸ்ரேல் அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "ஆட்டுக்கு நான் குடுத்துடுறேன் அக்கா. மன்னிச்சிடு."

"ஆட்ட வுடு. நீ பாத்துட்டுத்தானே போன?"

"பாத்தேன்."

"இன்னா நெனச்சிக்கினு போன?"

பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "யாராச்சும் பாத்துப்பாங்கன்னு..."

செல்லியம்மா குனிந்து, ஆட்டின் வயிறு வெளியே தெரிந்த இடத்தில் புடவையை இழுத்து மூடினாள்.

"அல்லாரும் அப்டித்தான் நைனா போறாங்க. அந்த யாராச்சும் வானத்துலர்ந்து எறங்கி வர்றதில்ல. இன்னிக்கி அது நானு. இந்தப் பசங்க. வயித்துல குட்டியோட இதோ இது." அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "இனிமே ஒண்ணு மட்டும் நெனப்புல வச்சிக்க. யாராச்சும் பாத்துப்பாங்கன்னு போவக்கூடாது. மொதல்ல கண்ணால பாத்தவன் எவனோ, அவந்தான் நின்னு பாத்துக்கணும்."