நாலு பேர் ஏறும் படகு

செஞ்சியில் மலை மூன்று உண்டு, கோட்டை உண்டு. சித்திரை மாதத்தில் குடிக்கத் தண்ணீர் உண்டு என்று மட்டும் துணிந்து சொல்ல முடியாது. அந்த ஊருக்கு அறுபத்தைந்திலோ அறுபத்தாறிலோ ஒரு மோட்டார் படகு வந்து சேர்ந்தது. முந்தைய ஐப்பசி மழையில் சுற்று வட்டாரத்து ஊர்கள் சில தண்ணீருக்குள் கிடந்ததைக் கேள்விப்பட்டு, கடல் தாண்டி யாரோ புண்ணியவான்கள் அனுப்பிய தர்மம் அது. வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே என்று வெள்ள உதவிச் சங்கம் ஒன்று அவசரமாக முளைத்தது. மண்டிக்காரர் இளையபெருமாள் தலைவர், இராமச்சந்திரன் காரியதரிசி.

மோட்டாரோடு எட்டு விதிகள் அச்சடித்த தமிழ்த் தாள் ஒன்றும் வந்திருந்தது. படகை ஓட்டுகிறவன் அதைப் படிக்கவும் வேண்டும், தண்ணீரில் நனையவும் வேண்டும். படித்தவர்கள் நனையத் தயாராக இல்லை. நனையத் தயாரானவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அகப்பட்டவன் காஸ்பர். கருங்கல் சுமக்கிற கூலியாள். நாற்பத்திரண்டு வயதில் முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகியவன். கடலூர் துறைமுகத்தில் நாலு நாள் தங்கி மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தான்.

தொடக்க விழா ஒழுங்காக நடந்தால் மாசச் சம்பளத்தில் வேலை நிரந்தரம் என்றார் தலைவர். காஸ்பருக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. கல் சுமந்து அவன் இடது தோள் தேய்ந்துபோயிருந்தது. காலையில் சட்டை மாட்டவே அவன் பெண்டாட்டி இருதயமேரி கை கொடுக்க வேண்டும்.

விழா பனமலை ஏரியில் என்று முடிவாயிற்று. கரையில் நட்ட பலகையில் எட்டு விதிகளையும் எழுதும் வேலையும் காஸ்பர் தலையில்தான் விழுந்தது. இரண்டு நாள் எழுதினான். எழுதி முடித்தபோது எட்டும் மனப்பாடமாகியிருந்தன.

புது வண்டி வாங்கினால் மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். படகுக்கு ஏது சக்கரம்? பழத்தை எங்கே வைப்பது என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. எது சுற்றுகிறதோ அதுதான் சக்கரம் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மோட்டாரை மேலே சாய்த்து, தண்ணீருக்குள் சுழல வேண்டிய விசிறியில் பழங்களைக் கட்டி, சாமந்தி மாலையை நாலு சுற்றுச் சுற்றினார்கள்.

"ஐயா, இத எடுத்துட்டுத்தான் ஓட்டணும். விசிறில கயிறு, கொடி எதுவும் சிக்கக் கூடாது. ஆறாவது விதி," என்றான் காஸ்பர்.

"மொதல் சுத்து சுத்தாம மாலைய எடுக்கறதா? இன்னாடா அபசகுனமா பேசற. லாரிக்கு மாலை போட்டா எடுத்துட்டா ஓட்றான்?" என்றார் தலைவர்.

விழா நோட்டீசில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக 'விதிகள் வாசித்தல்' என்று அச்சடித்திருந்தது. காஸ்பர் மைக்கில் வாசித்தான். ஒவ்வொரு விதிக்கும் கைதட்டினார்கள். ஓட்டுகிறவனோடு சேர்த்து நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்ற மூன்றாவது விதி கூட்டத்துக்கு ரொம்பவும் பிடித்துப்போய், இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். அவன் வாசித்துக்கொண்டிருந்தபோதே முதுகுக்குப் பின்னால் ஆட்கள் படகில் ஏறினார்கள். திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேர். நடுவில் சங்கத்து நாற்காலி ஒன்று, அதில் தலைவர். காரியதரிசி உட்காரும் பலகையில் தலைவரும் சமமாக உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

"சார், என்னோட சேத்து நாலு பேருதான்," என்று காஸ்பர் காரியதரிசியின் காதோரம் சொன்னான்.

"அதான் ரெண்டு வாட்டி படிச்சியே. விதி ஐட்டம் முடிஞ்சிடுச்சி. இப்ப படகு ஐட்டம்."

"அஞ்சு பேரு எறங்கிட்டா போதும் சார்."

"யார எறங்கச் சொல்ற? பேரச் சொல்லு, எறக்கறேன்."

காஸ்பர் எட்டு முகங்களையும் பார்த்தான். எட்டும் அவன் வேலையைக் கொடுக்கவோ கெடுக்கவோ கூடிய முகங்கள். தோள் விண்விண் என்று தெறித்தது. கரையோரமாகப் போனால் மார்பளவுத் தண்ணீர்தான், போய்த் திரும்பிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, வலது கையால் மோட்டார்க் கயிற்றை இழுத்தான்.

இருபது கஜம் போனதும் மோட்டார் அலறியது. மாலை விசிறியில் இறுகி, விசிறியைப் பிடித்திருக்கும் சின்ன பின் ஒடிந்துவிட்டது. காஸ்பர் மோட்டாரை நிறுத்தினான். என்ன ஆயிற்று என்று பார்க்க எட்டுப் பேரும் எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து போட்டோக்காரர் ஜகபர் அலி, "அப்படியே எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. கண்ண மூடாதீங்க," என்று கூவினார். எட்டுப் பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சிரித்தார்கள். போட்டோ விழுந்தது. படகின் விளிம்பும் தண்ணீரில் விழுந்தது. ஏரி உள்ளே வந்தது.

காஸ்பர் தலைவரின் இடுப்பைப் பிடித்து இழுத்துப் படகின் அடியில் உட்கார வைத்தான். நாற்காலியைத் தூக்கி ஏரியில் எறிந்தான். "எல்லாம் குந்துங்க. ஆடாம குந்துங்கன்றேன் இல்ல," என்று அதட்டினான். குந்தினார்கள். பிறகு அவன் தண்ணீரில் இறங்கி, படகுக் கயிற்றை நல்ல தோளில் போட்டுக் கரைக்கு இழுத்து வந்தான்.

போட்டோ பிரமாதமாக வந்திருந்தது. அதைச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் படகு கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. விழாப் படத்தையும் விதிப்பலகையின் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு படத்தில் ஒன்பது தலை. இன்னொன்றில் நாலு என்ற விதி.

தலைவர் காஸ்பரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் அவனுடைய வேலை உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"நாக்காலி போனதக்கூட நான் கேக்கல," என்றார். "பலகைல ஒரே ஒரு நம்பருதான்டா. நால அழிச்சிட்டு ஒம்போது போட்டுட்டு வா. வந்ததும் கையெழுத்து."

"வேற போட்டோ அனுப்பலாமே ஐயா. வெறும் படகு மட்டும் இருக்கறாப்பல."

"இந்தப் போட்டோல நான் நல்லா இருக்கறேன்டா. அத மாத்த முடியுமா? விதிய மாத்தறதுல இன்னா கஷ்டம்?"

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டே இருதயமேரி சொன்னாள்: "ஒரு நம்பருதானே, எழுதிட்டு வந்துடு. இந்தத் தோள வச்சிக்கினு இன்னும் எத்தினி நாளைக்கு?"

பெயிண்ட் டப்பாவோடு பஸ் ஏறிப் போய்ப் பலகை முன்னால் நின்றான். பிரஷைத் தோய்த்தான். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் இந்தப் படகில் ஏறப்போகிறவர்கள் போட்டோவுக்கு நிற்க வருகிறவர்கள் இல்லை. பிள்ளையும் மூட்டையுமாக வருவார்கள். தண்ணீரும் அன்றைக்கு மார்பளவில் நிற்காது. எழுத்துத் தெரிந்தவன் ஒருவன் பலகையைப் பார்த்து ஒன்பது என்பான். மற்றவர்கள் நம்பி ஏறுவார்கள். நாற்பத்திரண்டு வயது வரையில் அவனும் அப்படித்தான், எவன் எதைப் படித்துச் சொன்னாலும் நம்பினான்.

இருந்த நாலின் மேலேயே இன்னொரு நாலைத் தடியாக, எதிர்க்கரைக்குத் தெரிகிற மாதிரி எழுதினான். டப்பாவைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த நாள் கல் சுமக்கப் போனான்.

படகுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மோட்டார் சாக்குப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு அதற்கு மாலையும் விழுந்தது.

அடுத்த வருஷக் கடைசியில் காஸ்பருக்கு வடை சுற்றி வந்த தாள் சங்கத்தின் அந்த வருஷத்து ஆண்டறிக்கையாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். 'இந்த ஆண்டு நமது படகினால் ஒரு சிறு விபத்தும் நேரவில்லை. எட்டு விதிகளும் முழுமையாகக் காக்கப்பட்டன.'

இரண்டாம் தரமும் படித்துப் பார்த்தான். பொய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கை எண்ணெயை அந்தத் தாளிலேயே துடைத்துவிட்டு, சும்மாட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.