ரெய்னிக்காக வாதாடியவன்

கேன்ப்ரேக் கல்லூரியின், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் சொந்த மைதானத்தில் நடக்கிற சனிக்கிழமைகளில், ஆட்டம் தொடங்குவதற்குள்ளாகவே ஹோலிஸ் கிரென்ஷாவுக்குத் தொண்டை கட்டிவிடும். மைதானத்துக்குக் கிழக்கே, வண்டிகள் நிறுத்துகிற புல்வெளியில் அவன் காலையிலேயே பந்தல் போட்டுக் கரி அடுப்பை மூட்டுவான். பன்றி விலா வாடை கிளம்பும்போதே அவனுக்கும் மச்சான் கர்டிஸுக்கும் வாய்ச்சண்டையும் கிளம்பிவிடும். கல்லூரி வரலாற்றிலேயே பந்தை ஏந்திக்கொண்டு ஓடியவர்களில் யார் பெரியவன்? இருபது வருஷமாக இதே சண்டைதான்.

"கணக்கப் பாரு மச்சான், கணக்க. கிம்ப்ரெல் ஓடுன கஜத்துல உன் ரெய்னி பாதிகூட ஓடல" என்பான் கர்டிஸ். டயர் கடை வைத்திருப்பவன். நிதானமாகப் பேசியே ஆளை எரிச்சல்படுத்துவான்.

"கணக்கு பேங்க்ல பாக்கறது. நான் ஆட்டத்தப் பேசறேன். உன் கிம்ப்ரெல் கையில பந்து இருந்தா சோப்புக்கட்டி இருந்த மாதிரி. எப்ப வழுக்கும்னு அவனப் பெத்தவளுக்கே தெரியாது."

"ஒரு மழை நாள்ல ஒரே ஒரு ஓட்டம். அத வெச்சே நாப்பது வருஷமா குடும்பம் நடத்தறாருப்பா இவரு!"

பக்கத்துப் பந்தல் பெட்ரீஸ் அவித்த கடலையை உரித்தபடி நடுவில் புகுவாள். "ரெண்டு கிழவனுங்களும் வாய மூடுங்க. அவங்க ரெண்டு பேர விடவும் மார்ஷ்தான் பெரியவன். அவன் ஓடுனப்ப நீங்க நின்ன எடத்துல அழுதீங்க. நான் பார்த்தேன்."

அந்த ஒரே ஓட்டத்தை ஹோலிஸ் நேரில் பார்த்தவன். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. டிக்சன் டெக் அணியோடு ஆட்டம். கொட்டுகிற மழையில் மைதானம் சேற்றுக்குழம்பாகக் கிடந்தது. கடைசி நிமிஷங்களில் க்ளியோடிஸ் ரெய்னி பந்தை வாங்கினார். இடது கால் ஷூவை ஒருவன் பிடித்து இழுக்க, அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு, வெறும் காலுறையோடு எண்பத்தேழு கஜம் ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினார். பக்கத்தில் நின்ற ஹோலிஸின் அப்பா, மகனைத் தொட்டுப் பேசிப் பழக்கமில்லாதவர், அன்றைக்கு அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அது இரண்டாம் தடவை நடக்கவில்லை. ரெய்னியை யாராவது குறைத்துப் பேசினால் ஹோலிஸுக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது என்று கர்டிஸுக்குத் தெரியாது. ஹோலிஸும் சொன்னதில்லை.

ஹோலிஸுக்குக் கேஸ் வண்டி ஓட்டுகிற வேலை. ஊர் ஊராகப் போய் வீட்டுக் கொல்லையில் இருக்கிற பெரிய தொட்டிகளை நிரப்புவான். அந்த செப்டம்பரில் நிறுவனம் அவனுக்குப் புது வழி கொடுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் ஒரு வீடு. தொட்டியை நிரப்பிவிட்டு முன்பக்கம் வந்தவன், வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். தலை நரைத்து, உடம்பு தளர்ந்திருந்தாலும் அந்தத் தோள்களை அவனுக்குத் தெரியாதா?

"சார், நீங்க... க்ளியோடிஸ் ரெய்னிதானே?"

"அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தார் அவர்.

உள்ளிருந்து மகள் இவெட் வந்தாள். பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருப்பவள். ஹோலிஸ் மூச்சு விடாமல் பேசினான். டிக்சன் டெக், மழை, ஷூ, அப்பா, எல்லாம். அடுத்த ஆட்டத்துக்கு இருவரும் கண்டிப்பாகத் தன் பந்தலுக்கு வர வேண்டும் என்றான். இவெட் அவனைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பாவுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. நிறைய மறந்துபோச்சு. ஆடுன காலத்துல தலையில அவ்வளவு அடி வாங்கியிருக்காரு."

"அட, மறதி யாருக்குத்தான் இல்ல? எனக்கு வண்டிச் சாவியே தினமும் காணாமப் போகுது."

அவள் சிரிக்கவில்லை. "வெளிய போனா அவருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணு. பழைய ஆட்டத்தப் பத்தி யாரும் கேள்வி கேக்கக் கூடாது. பதில் வரலைன்னா பதறிடுவாரு. சும்மா உக்காந்து சாப்பிடட்டும், அது போதும்."

"என் பொறுப்பு மேடம். ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்."

சொன்னானே தவிர, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் கண்ணில் நின்றது கர்டிஸின் முகம்தான். ரெய்னி தன் பந்தலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்த முகம் எப்படி மாறும்!

அக்டோபரில் ஆட்டத்தன்று அவர்கள் வந்தார்கள். ரெய்னி தேய்த்த வெள்ளைச் சட்டையும் பச்சைத் தொப்பியும் போட்டிருந்தார். ஹோலிஸின் மனைவி டார்லா நல்ல நாற்காலியை நிழலில் போட்டு, இனிப்புத் தேநீர் கொடுத்தாள். பெட்ரீஸ் கடலைக் கிண்ணத்தையே அவர் மடியில் வைத்துவிட்டாள். கர்டிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து கை கொடுத்தான். ரெய்னி விலா எலும்பைச் சுத்தமாகக் கடித்து முடித்து, "வினிகர் கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லா இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் பரவி, அக்கம்பக்கத்துப் பந்தல்களிலிருந்து ஆட்கள் வந்து ஒவ்வொருவராகக் கை குலுக்கிப் போனார்கள்.

வெயில் ஏறியது. அப்பாவின் மாத்திரையைக் காரிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி இவெட் எழுந்தாள். கார் வெகு தூரத்தில் நின்றது. போகும்போது ஹோலிஸை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

அவள் மறைந்ததும் கர்டிஸ் அடுப்புப் பக்கம் வந்து மெல்லச் சொன்னான். "தங்கமான மனுஷன். ஆனாலும் மச்சான், நான் இன்னும் கிம்ப்ரெல்தான்."

வேறு எதற்காகவும் இல்லை, வழக்கமாகச் சீண்டுவதைத்தான் சீண்டினான். ஆனால் ஹோலிஸுக்குச் சுருக்கென்றது. இந்த நாளைக்கூட இவன் விட்டுவைக்க மாட்டானா? கையிலிருந்த இடுக்கியோடு ரெய்னியின் முன்னால் போய் நின்றான்.

"சார், அந்த ஷூ கதைய இவங்களுக்குச் சொல்லுங்க. உங்க வாயாலயே கேக்கட்டும்."

ரெய்னி புன்னகை செய்தார். "ஷூ... ஆமா. அன்னிக்கு நல்ல வெயில். புழுதி பறந்துச்சு..."

"மழை சார்" என்றான் ஹோலிஸ். "கொட்டுற மழை."

"மழை. ஆமா, மழை. அந்த ஜார்ஜியாக்காரப் பசங்களோட..."

"டிக்சன் டெக் சார். உங்க இடது கால் ஷூவ ஒருத்தன் புடிச்சு இழுத்தான்."

"இடதா?" ரெய்னி குனிந்து தம் கால்களைப் பார்த்தார். இரண்டு ஷூவும் இருந்தன. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் கூட்டத்தில் யாரையோ தேடின.

டார்லா, "போதும், ஹோலிஸ்" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள், பாதிப் பேர் கையில் போன். கர்டிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தன்மேல் பரிதாபப்படுகிறான் என்று ஹோலிஸுக்குத் தோன்றிவிட்டது. வண்டிக்குப் போய்ப் பந்தை எடுத்து வந்து ரெய்னியின் கைகளில் வைத்தான்.

"பேச்சு எதுக்கு? எப்படிப் புடிப்பீங்கன்னு காட்டுங்க சார்."

ரெய்னி எழுந்தார். கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பந்து தானாக முழங்கை மடிப்புக்குள் போய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. முதுகு வளைந்தது, தோள் தாழ்ந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில் அவர் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. ஹோலிஸின் பக்கம் திரும்பி, அவசரமாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எந்தப் பக்கம்?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நல்ல வேடிக்கை சொல்கிறார் என்று நினைத்தார்கள். ஹோலிஸ் மிக அருகில் நின்றவன். அந்தக் கண்களில் வேடிக்கை எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தான்.

ரெய்னி ஓடிவிட்டார். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு பந்தல் கால்களுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் நடுவே புகுந்து, மடக்கு மேஜை ஒன்றில் இடுப்பு இடிக்க, சரளைக்கல்லில் குப்புற விழுந்தார். தொப்பி எங்கோ உருண்டது. பந்து மட்டும் அவருக்கு அடியில், இரண்டு கைகளின் பிடியிலேயே இருந்தது.

அந்தக் கணத்தில் ஹோலிஸின் வாயிலிருந்து வந்த வார்த்தை வேறு எவன் வாயிலிருந்தாவது வந்திருந்தால், அவனை ஹோலிஸ் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டான்.

"பாத்தியா மச்சான்? கிம்ப்ரெல்லா இருந்தா பந்த விட்டிருப்பான்."

சத்தமாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. பெட்ரீஸ் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கர்டிஸ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"பந்த விடல கோச்" என்றார் ரெய்னி, தரையோடு தரையாக. "நான் விடல."

"விடல சார். ஒருத்தரும் நீங்க விட்டீங்கன்னு சொல்லல. மெதுவா எந்திரிங்க" என்றான் கர்டிஸ்.

இவெட் மாத்திரையோடு வந்தபோது அவரை நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். இரண்டு உள்ளங்கைகளும் சிராய்த்து, கல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவள் கத்தவில்லை. பையிலிருந்து பஞ்சை எடுத்து ஒவ்வொரு துணுக்காகத் துடைத்தாள். முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உங்ககிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

இடுக்கி இன்னும் ஹோலிஸின் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது ரெய்னி அவனிடம் வந்து, புண்ணான கையையே நீட்டினார். "சாப்பாடு பிரமாதம் தம்பி. கூப்பிட்டதுக்கு நன்றி." ஹோலிஸ் விரல் நுனிகளை மட்டும் தொட்டான். கர்டிஸ் அவர்களோடு கார் வரைக்கும் நடந்து போனான்.

அன்று ஹோலிஸ் ஆட்டம் பார்க்க உள்ளே போகவில்லை. மைதானத்திலிருந்து எழுந்த ஆரவாரத்தைக் கேட்டபடி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். டார்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் கேட்டது ஒன்றுதான்: "அவர் நிலைமை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவள் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பாத்திரங்களை எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும் என்று தினமும் நினைத்தான். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற முறை வந்தபோது, முதுகு வலி என்று பொய் சொல்லி அந்த வழியை வேறொரு டிரைவரிடம் தள்ளிவிட்டான். அந்தப் பொய்க்காகவும் சேர்த்து வெட்கப்பட்டான்.

நவம்பரில் அடுத்த ஆட்டம். அவன் பந்தல் போட்டான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கூட்டமும் சிரிப்பும் குறைவாக இருந்தன. பெட்ரீஸ் வானிலையைப் பற்றிப் பேசினாள். கர்டிஸ் அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், நான் ஒத்துக்கறேன். ரெய்னிதான். கிம்ப்ரெல் கிட்டயே வர முடியாது."

இருபது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஹோலிஸ் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான். இப்போது அதைக் கேட்டதும் முகத்தில் அறைந்தது போலிருந்தது.

"அத மட்டும் சொல்லாத கர்டிஸ். உன் கால்ல வேணா விழறேன், அத மட்டும் சொல்லாத."

கர்டிஸ் அடுப்புப் பக்கம் திரும்பி, திருப்பத் தேவையில்லாத இறைச்சியைத் திருப்பிப் போட்டான்.

மறு செவ்வாய்க்கிழமை ஹோலிஸ் அந்த வழியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினான். இவெட் கதவைத் திறந்து, நிலையிலேயே நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் பாதிதான் வெளியே வந்தன.

"தப்பு பண்ணிட்டேன் மேடம். நீங்க சொல்லியும் பண்ணேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"எதுக்குன்னு சொல்லிக் கேப்பீங்க?" என்றாள் அவள். "அவருக்கு அது எதுவுமே ஞாபகம் இல்ல. கையில ஏன் புண்ணுன்னு ஒரு வாரம் தினமும் கேட்டாரு. ரோஜாச் செடிய வெட்டுனப்ப முள்ளு குத்திடுச்சுன்னு தினமும் சொன்னேன். இப்ப நீங்க போய் உண்மையச் சொல்லப் போறீங்களா?"

அவன் கொல்லைப்பக்கம் போய்க் குழாயை மாட்டினான். தொட்டி நிறைகிற வரைக்கும் தலை நிமிரவில்லை. யாரோ வருகிற சத்தம் கேட்டது. ரெய்னி கம்பளிச் சட்டையோடு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"குளிருக்கு முன்னாடியே வந்துட்டீங்க. நல்லது தம்பி" என்றார். பிறகு, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்பது போல, "ஃபுட்பால் எல்லாம் பார்ப்பீங்களா?"

"எப்பவாச்சும் சார்" என்றான் ஹோலிஸ்.

"நான் கொஞ்ச நாள் ஆடுனேன். நல்லா ஆடுனேன்னு எம் பொண்ணு சொல்லுவா."

ஆமாம் என்று சொல்ல ஹோலிஸுக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த ஓட்டத்தைத் தான் பார்த்ததைச் சொல்ல அவனுக்கு இனி என்ன உரிமை இருக்கிறது? குழாயைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டான். ரெய்னி கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இவெட் வாசலில் காத்திருந்தாள். அவன் நீட்டிய ரசீதை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க."

"சரிங்க மேடம்" என்றான் ஹோலிஸ். வண்டியில் ஏறி, வாசல் பக்கம் பார்க்காமலேயே பின்னால் எடுத்தான்.