தனலெட்சுமி வீட்டுக்கு முதலில் குடிவந்தவர்

வாடகை வீடுகளிலேயே பாதி ஆயுளைத் தொலைத்தவள் தனலெட்சுமி. ஓனர் "காலி பண்ணு" என்று சொல்லும்போதெல்லாம் கம்போங் மேடான் வட்டாரத்துக்குள்ளேயே சட்டிபானையை லோரியில் ஏற்றி இறக்கி அலுத்துப்போனவள். ஒருவழியாக மேரு என்ற ஊரில் சொந்த வீடு வாங்கிவிட்டாள். பின்னால் சதுப்புக்காடு. "காட்டைப் பார்த்த வீடு" என்று சொல்லித்தான் வீடு கட்டிய கம்பெனி விற்றது. அந்தக் காட்டை அழித்து அடுத்த வரிசை வீடுகளைக் கட்டப்போவதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். பாவம், அவர்களும் எத்தனையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்!

புதுமனை புகுவிழா அன்று காலை சொந்தபந்தமெல்லாம் வாசலில் கூடியாயிற்று. முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும், அப்புறம்தான் மனுஷர்கள். வாடகைப் பசுவை ஏற்றிவந்த லோரியோ ரோட்டில் கொண்டெய்னர் லோரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

"இன்னும் ஜேம்லதான் நிக்குதாம்லா," என்றான் அவள் புருஷன் யுகேந்திரன்.

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. அவருக்கு அன்று இன்னும் மூன்று வீடு பாக்கி வேறு.

அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பக்கம் மண்வாரி இயந்திரம் உறுமியது. உடனே திறந்துகிடந்த பின்கதவு வழியாக, நீள மூக்குக் காட்டு விலங்கான தாப்பிர் ஒன்று வீட்டுக்குள் வந்தது. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை வேட்டி கட்டிவிட்டதுபோல. ஹாலில் கட்டியிருந்த வாழைக்கன்றை மென்றது. நாத்தனார் போட்ட கோலத்தின் நடுவில் நின்று நிதானமாகச் சிறுநீர் கழித்தது.

பசு அதைச் செய்திருந்தால் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது யாருக்கும் கை எழும்பவில்லை.

குருக்கள் மட்டும் அசரவில்லை. "மூக்கைப் பாருங்கோ, துதிக்கை! கோமாதாவுக்குப் பதிலா கணபதியே வந்துட்டார். கிரகப்பிரவேசம் ஆச்சு!" என்று வாசலில் நின்றபடியே மணியடித்துத் தீபாராதனை காட்டிவிட்டார். தாப்பிர் தீபத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹாலிலேயே சாய்ந்து தூங்கிப்போனது.

தனலெட்சுமிக்கு அழுகை முட்டியது. அவள் இன்னும் வலது காலை எடுத்து வைக்கவே இல்லை.

கம்பெனி சார்பில் வீடு விற்ற கமலநாதன் அலறியடித்து ஓடிவந்தார். அடுத்த வரிசை வீடுகளுக்கான இடத்தைப் பார்க்க அன்று ஆட்கள் வருகிறார்கள். அவர்தான் வனவிலங்கு இலாகாவுக்கும் போன் போட்டார். வந்த அதிகாரி நிரஞ்சனி வீட்டை எட்டிப் பார்த்தாள், காட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஆன்டி, இது வழிதவறி வந்ததா, இல்ல இங்கேயே இருக்கிறதா? வழிதவறினதுன்னா இப்பவே ஏத்திட்டுப் போய் பஹாங் காட்டுல விட்டுடுவோம். இங்கேயே இருக்கிறதுன்னா அந்த மெஷினை நிறுத்தணும். விசாரணை முடியிற வரைக்கும் உங்க வீட்டுக்குள்ளயும் யாரும் போகக் கூடாது."

"வழிதவறிடுச்சுன்னு சொல்லுங்கக்கா," என்று கெஞ்சினார் கமலநாதன். "அஞ்சு நிமிஷத்துல பால் காய்ச்சிடலாம். அதுக்கென்ன, பஹாங்ல இதைவிட நல்ல இடம் இருக்கு!"

தனலெட்சுமிக்குச் சுருக்கென்றது. காலி பண்ணச் சொன்ன ஒவ்வொருத்தனும் இதையேதான் சொன்னான், உனக்கென்னம்மா, வேற நல்ல இடம் கிடைக்கும் என்று. வீட்டுக்குள் போக ஆசை ஒருபக்கம், வயிற்றெரிச்சல் ஒருபக்கம். கடைசியில் எரிச்சல்தான் ஜெயித்தது.

"அது இங்கதான் இருக்கு," என்றாள். "எங்களுக்கு முன்னாடியே குடிவந்துடுச்சு. குருக்களையே கேளுங்க."

"சகல உபசாரமும் பண்ணியாச்சு," என்று சாட்சி சொன்னார் குருக்கள். "நட்சத்திரம்தான் தெரியல. பிள்ளையாரோட ஹஸ்தத்தையே சொல்லிட்டேன்."

நிரஞ்சனி சிரிக்காமல் தலையாட்டினாள். மண்வாரி நின்றது. கமலநாதன் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கேட்டில் மஞ்சள் நாடா கட்டினார்கள். சொந்தக்காரர்கள் தெருவில் நின்றே இட்லி சாப்பிட்டார்கள். அப்போதுதான் பசு வந்து சேர்ந்தது. அதை யாரும் இறக்கச் சொல்லவில்லை.

"பைத்தியமா உனக்கு?" என்றான் யுகேந்திரன். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து, "எப்ப ஆன்டி குடிவர்றீங்க?" என்று உரக்கக் கேட்டாள்.

தனலெட்சுமி கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். ஹாலில் அந்த வெள்ளை வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவா பேசுங்க," என்றாள். "ஓனர் தூங்குறாங்க. எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்."