ஒன்பதாம் நாள் வெந்நீர்

கொல்லையில் விறகு பிளக்கிற சத்தம் கேட்டதுமே சந்திரகலா பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் பெரிய விஷயமில்லை, அவளைக் குளிப்பாட்டத்தான் அந்த விறகு. பிள்ளை பெற்று இன்றோடு ஒன்பது நாள். அந்த முதலியார்பேட்டைத் தெருவில் பிள்ளை பெற்றவளுக்கு ஐந்தாம் நாள், ஏழாம் நாள், ஒன்பதாம் நாள் என்று வெந்நீர் ஊற்றுவார்கள். வெந்நீர் என்றால் நீங்களும் நானும் குளிக்கிற வெந்நீர் இல்லை. நொச்சியும் புளிய இலையும் போட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்து, விரலை விட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற சூட்டில், இடுப்பிலும் முதுகிலும் வீசி அடிப்பார்கள். அப்படி அடித்தால்தான் அழுக்கு இறங்கும், வயிறு சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஊற்றுகிறவள் செல்வாம்பாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். தெருவில் எந்தப் பிரசவமானாலும் வெந்நீருக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கைவீச்சுக்கு அப்படி ஒரு பேர், அந்தப் பேரில் அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஐந்தாம் நாள் மூன்றாவது சொம்பிலேயே சந்திரகலாவின் நெஞ்சு திடுதிடுவென்று ஓட ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நாள் மூச்சே எட்டவில்லை. கண் இருட்டிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். தாங்கிப் பிடித்த மாமியார் தில்லையம்மாள், "ஐயோ, ஒடம்புக்குள்ள குளிர் பூந்துடுச்சு. ஜன்னி கண்டுடப் போவுது. இன்னும் சூடா ஊத்து செல்வாம்பா" என்றாள். செல்வாம்பாளும் குறை வைக்காமல் ஊற்றினாள். இன்றைக்குத் தலைக்கும் சேர்த்து ஊற்றப்போகிறார்கள். போன முறை குளிர் பூந்துவிட்டதல்லவா, அதனால் விறகும் ஒரு கட்டு கூடுதல்.

குளிரும் இல்லை, ஜன்னியும் இல்லை. அது என்னவென்று சந்திரகலாவுக்கு நன்றாகத் தெரியும்.

பதினேழு வயதில் படி ஏறினால் இரைக்கிறது என்று அண்ணன் சுப்ரமணி அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்ட டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள்: "சின்ன வயசுல மூட்டு வலிச்சுக் காய்ச்சல் வந்துச்சில்ல, அதுல இதயத்து வால்வு ஒண்ணு சுருங்கிப்போச்சும்மா. நிதானமா அடிக்கிற வரைக்கும் அது சமாளிச்சுக்கும். ஓட ஆரம்பிச்சுதுன்னா ரத்தம் முன்னால போக முடியாம நுரையீரல்ல தேங்கும், மூச்சு முட்டும். ஓடாத, பாரம் தூக்காத, கொதிக்கிற தண்ணியில குளிக்காத. சூடு பட்டா ரத்தக்குழாய் எல்லாம் விரியும், அதை ஈடுகட்ட நெஞ்சு ரெண்டு மடங்கா ஓடும். உனக்கு அது ஆகாது."

அம்மா அப்பா இல்லாத வீடு. இவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். பெண் பார்க்க வந்தபோது சுப்ரமணி ஒரே வார்த்தைதான் சொன்னான்: "வாயத் தொறந்தீன்னா உன்னோட போவாது, மூணு பேரு வாழ்க்கையும் போச்சு." அவள் வாயைத் திறக்கவில்லை. மில்லில் வேலை பார்க்கும் இராமதாஸுக்குக் கழுத்தை நீட்டினாள். அவன் நல்லவன். நல்லவனிடம் மறைப்பது இன்னும் கஷ்டம் என்பதை ஒன்றரை வருஷமாக அனுபவித்துவிட்டாள். பிரசவம்கூட வீட்டிலேயே, தாதி வந்து பார்த்ததில் முடிந்துபோனது. பிழைத்தது அவள் புண்ணியம்.

இன்றைக்குச் சொல்லாவிட்டால் அந்தக் குளிக்கிற கல்லிலேயே உயிர் போய்விடுமோ என்று பயம். சொன்னால் பச்சைக் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அதைவிடப் பயம். படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. குழந்தை பாலுக்கு அழாதா என்று பார்த்தாள், அது பாட்டுக்குத் தூங்கியது. சன்னலுக்கும் தூளிக்குமாக நடந்தாள். இராமதாஸ் காலை ஷிப்டுக்குப் போயாகிவிட்டது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால்தான் வருவான்.

"அத்தே, தல வலிக்குது. இன்னிக்கு வாணாமே" என்று சமையல்கட்டுப் பக்கம் எட்டிச் சொன்னாள்.

"தண்ணி ஊத்துனா சரியாப் போயிடும்" என்றாள் தில்லையம்மாள், சுக்கு இடித்தபடி.

"காச்சல் வராப்புல இருக்குது அத்தே."

"அதுக்குத்தான்டி ஊத்துறதே."

எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த வெந்நீர்த் தவலையில்தான் வந்து விழவேண்டியிருந்தது. சந்திரகலாவுக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன்மேல் வந்தது, செல்வாம்பாளின் கைமேல் வந்தது, எல்லாவற்றையும்விடத் தன் வாய்மேல் வந்தது.

கீற்று மறைப்புக்குள் கல்லில் உட்காரவைத்தார்கள். தவலையிலிருந்து ஆவி புகுபுகுவென்று கிளம்பி அந்தச் சின்ன இடத்தை அடைத்தது. தண்ணீர் படுவதற்கு முன்பே நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. செல்வாம்பாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் சொம்பை இடுப்பில் அடித்தாள். இரண்டாவது முதுகில். நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது சொம்பு தலைக்கு நேராக உயர்ந்தபோது சந்திரகலா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். கொதிநீர் முழங்கை வழியாக வழிந்தது, அவள் விடவில்லை.

"எனக்கு நெஞ்சுல கோளாறு அத்தே. குளிர் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே இருக்குது. சுடுதண்ணி பட்டா ஓடுது, மூச்சு நின்னுடும். மறைச்சுட்டேன்."

"பச்ச ஒடம்புக்காரி, பயத்துல ஒளறுது" என்றாள் செல்வாம்பாள். "நீங்க கையப் புடிங்க, நான் ஊத்துறேன்."

தில்லையம்மாள் பிடிக்கவில்லை. குனிந்து மருமகளின் இடது மார்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள். மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் பதினெட்டு வருஷம் நின்றவள் அவள். ஓடுகிற இயந்திரத்தைத் தொட்டே எங்கே தகராறு என்று சொல்லிவிடுவாள். கை அங்கேயே இருந்தது. முகம் மாறிக்கொண்டே போனது.

"நீ போ செல்வாம்பா."

"தலைக்கு ஊத்தாம எப்பிடி..."

"போன்னு சொல்றேன்."

செல்வாம்பாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அதில் சந்தேகமில்லை. தில்லையம்மாள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அடி விழும் என்று சந்திரகலா எதிர்பார்த்தாள்.

"உங்க அண்ணன் எங்கள ஏமாத்துனான். அவன நான் தனியாக் கேட்டுக்குறேன்" என்றாள் தில்லையம்மாள். "நீ என்னா காரியம் பண்ணப் பாத்த, தெரியுமா? ஏழாம் நாளு நீ சாஞ்சப்ப இன்னும் சூடா ஊத்துன்னு சொன்னவ நான்தான்டி. இன்னிக்கு நீ போயிருந்தா ஜன்னி கண்டு செத்துட்டான்னு ஊரு சொல்லும். நானும் அதத்தான் நம்பியிருப்பேன். அந்தப் புள்ளைய மடியில போட்டுக்கினு, ஒங்கம்மாவ ஜன்னிதான் கொண்டுபோச்சுன்னு சொல்லிச் சொல்லி வளத்திருப்பேன். ஒங்கம்மாவக் கொன்னவ நான்தான்னு எனக்கே தெரியாம."

சந்திரகலாவுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் தான் சாவதைப் பற்றி மட்டும்தான் நினைத்திருந்தாள். தன்னைச் சாகடிக்கப்போகிறவளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

"அவுரு என்ன வச்சுக்குவாரா அத்தே?"

"ரெண்டு மணிக்கு வருவான். நீயே சொல்லு. அவன் எகிறுவான், எகிறட்டும். நானும் கூட இருப்பேன்."

தில்லையம்மாள் எழுந்து, கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தவலையில் கவிழ்த்தாள். கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சொம்பு மொண்டு, அடிக்காமல், மருமகளின் தோளில் மெல்லச் சாய்த்தாள்.

"இது ஆவுமா?"

நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. சந்திரகலா கொஞ்சம் யோசித்தாள். தலையாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"இல்ல அத்தே. இன்னும் ஒரு குடம் பச்சத் தண்ணி விடுங்க."

தில்லையம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிணற்றுக்குப் போனாள்.