பெரிய மேடும் ஒரு கூஜா காபியும்

என் கணவர் ஹுமைதை இந்த மணல்காட்டில் யாரும் ஹுமைத் என்று கூப்பிடுவதில்லை. கயிறு என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பிள்ளைகள் கயிற்றின் பிள்ளைகள், எங்கள் ஆட்டுப்பட்டி கயிற்றின் பட்டி. எங்கள் கல்யாணத்தன்று என்னை ஏற்றிக்கொண்டு போன வண்டி பெரிய மேட்டின் அடியில் புதைந்துபோக, என் அண்ணன்மார் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். பாவம், வெளியூர் மனுஷன். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்றுவரை உதிரவில்லை.

அதனால்தான், என் அண்ணன் மகள் மௌஸாவை அஷ்கரா கடற்கரையில் கட்டிக்கொடுக்கிறோம் என்றதும் மாப்பிள்ளை எப்படி, குடும்பம் எப்படி என்றெல்லாம் நான் கேட்கவில்லை. "மேடு ஏறுவானா?" என்று மட்டும் கேட்டேன்.

வெளியூர் மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிக்கொண்டு பெரிய மேட்டைத் தானே தாண்ட வேண்டும். எங்கள் பையன்கள் முன்கூட்டியே உச்சிக்குப் போய் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். வண்டி கீழே மாட்டிக்கொண்டால் உடனே உதவிக்கு வரமாட்டார்கள். கூஜா காலியாகும்வரை அவனுக்கு அவகாசம். கூஜாவைக் கவிழ்த்துவிட்டால் கயிறு இறங்கிவிடும். அதோடு அவன் பெயரும் போய்விடும்.

பெண்ணுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலையோடு கால் மூடும் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. புருஷன் பரிசு கொடுத்துத்தான் அவளுடைய முதல் சொல்லை வாங்க வேண்டும். இதற்கு வாய்திறப்பு என்று பெயர். சும்மா பேசிவிட்டால் அவ்வளவுதான், பேரப்பிள்ளை எடுக்கிறவரை கிண்டல் தீராது. மௌஸாவின் அக்கா போகிற வழியில் தும்மினாள். பழக்கதோஷத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டாள். "இறைவன் பேரச் சொல்லித் தொடங்கிட்டா, ரொம்ப நல்லது" என்று சிரித்துக்கொண்டே மாமியார்க்காரி பரிசுக்கு வைத்திருந்த வளையலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஆக, வண்டியில் மூன்று பேர். முன்னால் மாப்பிள்ளை ஜுமா. பின்னால் பச்சைக் குவியலாக மௌஸா. பக்கத்தில் துணைக்குப் போகும் அத்தை நான். எங்களுக்குப் பின்னால் ஒரு மூட்டை சுறாக் கருவாடு. கருவாட்டை மாப்பிள்ளை கல்யாணச் சீராகக் கொண்டுவந்தான், நாங்கள் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம், மரியாதை. ஏசியைப் போட்டதும் அந்த மரியாதை வண்டி முழுக்க வீசியது.

வண்டி புத்தம் புதிது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. கியர் பக்கத்தில் ஒரு திருகு, அதைச் சுற்றிப் படங்கள்: மணல், சேறு, பாறை, பனி. பனி! எங்கள் ஊரில்!

எங்கள் கூடாரங்களைத் தாண்டி மணல் தொடங்குகிற இடத்தில் எல்லாரும் நிறுத்தி டயர் காற்றை இறக்குவது வழக்கம். ஜுமா நிறுத்தாமல் போனான்.

"மாப்ள, காத்த எறக்கிட்டீங்களா?"

"எறக்கவா? காலையில பங்க்ல நிப்பாட்டி இன்னும் கொஞ்சம் ஏத்திக்கிட்டு வந்தேன் அத்தை. கல்யாண வண்டியாச்சே!"

"ஏத்துனீங்களா!"

"காத்து இருந்தாத்தான அத்தை மெதக்கும்? எங்க வலையில கட்டுற மெதவையில காத்து போச்சுன்னா வலையே முங்கிரும்."

கடல்காரன் புத்தி. நிலத்தில் நிற்கும்போதும் தண்ணீரையே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"இது கடல் இல்ல மாப்ள, மணலு. டயரு ஒட்டகப் பாதம் மாதிரி பரந்து உக்காரணும். இப்படிக் கல்லு மாதிரி இருந்தா தோண்டிக்கிட்டு உள்ள போயிரும்."

"அதுக்குத்தான் இந்தத் திருகு இருக்கே. மணல் படத்துல வெச்சுட்டா வண்டியே எல்லாத்தையும் பாத்துக்கும்னு வித்தவரு சொன்னாரு."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. வித்தவரே வந்து ஓட்டட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. பச்சைத் துணிக்குள்ளிருந்து வந்த கிள்ளு. மௌஸா பத்து வருஷமாக ஆடுகளுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவள். இந்த மேடு அவளுக்கு வீட்டு வாசல்.

ஜுமா திருகை மணல் படத்துக்குத் திருப்பினான். "பிஸ்மில்லாஹ்!" என்று மிதித்தான். வண்டி பாய்ந்து ஏறியது. பாதி மேடு போனதும் சக்கரங்கள் வழுக்கின. வழுக்குகிறது என்று தெரிந்ததும் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ரோட்டில் அது நல்ல குணம். மணலில் வேகம் குறைந்தால் கதை முடிந்தது. அப்படியே பின்வாங்கிப் பள்ளத்தில் போய்ச் சொருகி நின்றோம்.

உச்சியில் கும்மாளம் கிளம்பியது. மௌஸாவின் தம்பி சுஹைல் கயிற்றைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஆடினான்.

"மச்சான், மீன் கரை ஒதுங்கிருச்சா?"

"வலையப் போடவா, கயிறப் போடவா?"

அவர்கள் நடுவில் என் கணவர் காபிக் கூஜாவோடு உட்கார்ந்திருந்தார். கயிறுதான் கூஜா பிடிக்க வேண்டும் என்று வருஷாவருஷம் அவரை அங்கே உட்கார வைத்துவிடுவார்கள். எல்லாருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

"பாறை படத்துல வெச்சுப் பாக்கவா?" என்றான் ஜுமா. கிள்ளு.

"வேணாம்!" என்று கத்தினேன்.

"சேறு?" கிள்ளு.

"வேணாம்!"

"அப்ப லோ கியர்." நியூட்ரலில் போடாமலே குட்டி நெம்புகோலை இழுத்தான். அடியில் ஏதோ கடகடவென்று பல்லைக் கடித்தது. எனக்கு இரட்டைக் கிள்ளு விழுந்தது. எப்படியோ லோ விழுந்ததும் ஆத்திரத்தோடு முழுசாக மிதித்தான். நான்கு சக்கரமும் நான்கு கிணறு தோண்டின. ஜன்னலுக்கு வெளியே மணல் மழை, உள்ளே கருவாடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு, அடக்க அடக்கப் பொங்கியது. பக்கத்தில் பச்சைத் துணியும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"பனி படம் ஒண்ணுதான் பாக்கி" என்றான் ஜுமா பரிதாபமாக. வைத்தும் பார்த்தான்.

"காத்த எறக்குங்க மாப்ள!"

"எறக்குனா இன்னும் முங்கிரும் அத்தை! வேற எது வேணா சொல்லுங்க, செய்யறேன்."

மேலே பார்த்தேன். பையன்கள் சூடு பொறுக்காமல் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுஹைல் நாக்கைச் சுட்டுக்கொண்டு குதித்தான். "சீக்கிரம் ஊத்துங்க கயிறு மாமா!" என்ற சத்தம் பள்ளம்வரை கேட்டது. என் கணவரோ கூஜாவை மூக்கு மட்டும் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிண்ணத்தையும் துடைத்தார். துடைத்ததை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஏலக்காய் வந்து அடைத்துக்கொண்டது என்று கூஜாவை ஆட்டினார். இத்தனை வருஷமாக ஒரு நாள்கூட அந்தப் பெயருக்காக முகம் சுளிக்காத மனுஷன், யாரோ ஒரு மீன்காரப் பையனுக்காகக் காபியைப் பிடித்து வைத்திருக்கிறார்.

பச்சைத் துணி இப்போது கிள்ளவில்லை. ஆடாமல் இருந்தது. அவளுக்கும் கூஜா தெரிந்திருக்கும். பேசினால் அவள் பெயர் போகும், பேசாவிட்டால் அவன் பெயர் போகும். துணிக்குள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"பேசிறாதடி" என்று காதோரம் கிசுகிசுத்தேன். அடுத்த நொடியே, "இல்ல, பேசுடி" என்றேன். எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்கே தெரியவில்லை.

ஜுமா கண்ணாடியில் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பினான்.

"அத்தை, ஒவ்வொரு தடவையும் நீங்க கத்துறதுக்கு முன்னாடி ஒரு துள்ளு துள்றீங்க. என்ன அது?"

"கொசு" என்றேன்.

"மணல்காட்டுல கொசுவா?" அவன் முகம் மலர்ந்தது. முட்டாள் இல்லை, சிரிக்கத் தெரிந்தவன். எஞ்சினை அணைத்தான். சாவியை உருவினான். பெண்ணின் பக்கம் பார்க்காமல், முகத்தை அந்தண்டை திருப்பிக்கொண்டு, சாவியைப் பின்னால் நீட்டினான்.

"எங்கம்மா தங்கம் வெச்சிருக்காங்க. அது அவங்க குடுக்கறது. என் கையில இப்ப இருக்கறது இது ஒண்ணுதான். ஒத்த வார்த்தைக்கு இது போதுமா?"

மேலே கும்மாளம் நின்றது போலிருந்தது. எனக்கு மட்டும்தான் அப்படி இருந்ததோ என்னவோ. பச்சைத் துணி விலகி மருதாணிக் கை ஒன்று வெளியே வந்தது. சாவியை வாங்கியது. விரல்களை மடக்கிக்கொண்டது.

பிறகு மௌஸா தன் புருஷனிடம் முதல் சொல்லைச் சொன்னாள்.

"எறங்கு."

இறங்கினான் பாருங்கள், அப்படி ஒரு இறக்கம்! விட்டால் பறந்திருப்பான். அவளும் துணியோடு குதித்தாள். தலையிலிருந்து ஊசிகளை உருவி ஆளுக்கொன்று கொடுத்தாள். டயரின் வாயில் ஊசியை வைத்து அழுத்தினோம். உஸ்ஸென்று காற்று சீறியது. "முங்குது, முங்குது!" என்று ஜுமா பதறினான். அவள் பேசவில்லை, ஒரு சொல்லுக்குத்தானே விலை. அவன் கையைப் பிடித்துப் பரந்து கிடந்த டயர் வயிற்றின்மேல் வைத்துக் காட்டினாள். அவன் அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றான். டயரைப் பார்த்தானா, அவள் கையைப் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை.

நான்கு டயரும் தொப்பை தள்ளியதும் சக்கரங்களுக்குப் பின்னால் இருந்த மணலைக் கையால் வாரித் தள்ளினோம். மௌஸா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நானும் ஜுமாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். வழுக்கினால் வேகத்தைக் குறைக்கிற அந்த நல்ல குணத்தை ஒரு பித்தானை அழுத்தி அடக்கினாள். படம் போட்ட திருகைச் சாதாரணத்துக்குத் திருப்பிவிட்டாள். லோ கியரிலேயே வைத்து, நாங்கள் வந்த தடத்திலேயே பூனைபோல ரிவர்ஸ் எடுத்தாள். வண்டி குழியிலிருந்து ஏறியது. எதிர்ச்சரிவில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போனாள். நிறுத்தினாள். ஹை கியருக்கு மாற்றினாள்.

உச்சியில் கடைசிக் கிண்ணம். என் கணவர் அதை நிரப்பிவிட்டுச் சுஹைலிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சுஹைல் பிடுங்கினான், இவர் விடவில்லை.

"புடிச்சுக்குங்க மாப்ள!" என்று கத்தினேன்.

அவள் விட்டாள். கண்ணாடியெல்லாம் வானம். கருவாட்டு மூட்டை என் முதுகில் வந்து சாய்ந்தது, ஜுமா என்மேல் சாய்ந்தான், நான் செத்துப்போன பெரியவர்களையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டேன். உச்சிக்கு ஒரு கை தூரத்தில் மிதியிலிருந்து காலை எடுத்தாள். வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஊர்ந்து ஏறி அந்தப் பக்கம் தலைகுனிந்தது. நான் குலவையிட்டேன். தொண்டை கிழிந்தது.

கடந்து போகும்போது சுஹைலின் முகத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் பச்சைத் துணி. பின்சீட்டில் மாப்பிள்ளை, என் தோளில் தலையை வைத்துக்கொண்டு. சுஹைலுக்கு ஒரு பக்கம் கயிறு, ஒரு பக்கம் பிடுங்கியதில் கவிழ்ந்த காபி.

"யாரு ஓட்டுறது? இது செல்லாது!" என்று அலறினான்.

"கயிறு கட்டுனியாடா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"இல்ல..."

"அப்ப செல்லும்!"

என் கணவர் மணலில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வழிந்தது.

அஷ்கராவில் பெண்கள் அல்வாவும் வளையலுமாகக் காத்திருந்தார்கள். ஜுமாவின் அம்மா வளையலை நீட்டி, "வாய்தெறப்பு மொதல்ல ஆகட்டும்" என்றாள்.

"ஆயிருச்சும்மா. மேட்டுக்குக் கீழேயே வெல குடுத்து வாங்கிட்டேன்" என்றான் ஜுமா. "வண்டி இனிமே அவளோடது."

"வண்டியையா குடுத்த? என்னடா சொன்னா அப்படி?"

"எறங்குன்னா."

பந்தலே சிரித்தது. மாமியார் சிரித்துச் சிரித்து வளையலை மௌஸாவின் கையில் தானே மாட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டது: சாவி. கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அவன் பல்லெல்லாம் தெரிய நிமிர்ந்து பார்த்தான்.

மறுநாள், அவர் எங்களுக்குப் பின்னாலேயே ஓட்டிவந்திருந்த பழைய பிக்கப்பில் நானும் என் கணவரும் திரும்பினோம். மணல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி நான்கு டயரின் காற்றையும் அவர் பொறுமையாக இறக்கினார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் வண்டியை வேறு யார் கையிலும் அவர் கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என் பிறந்த வீட்டுத் தண்ணீர் வண்டியை ஓட்டியது யார் என்று அவர் கேட்டதுமில்லை. மறுபடி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"என்ன சாலிமோட அம்மா, அப்படிப் பாக்குற?"

பெரிய மேடு எதிரே நின்றது. நான் கையை நீட்டினேன்.

"எறங்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். பிறகு ஹுமைத் சாவியை என் கையில் வைத்துவிட்டு, நேற்றைய சிரிப்பின் மீதியைச் சிரித்துக்கொண்டே இறங்கி, அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து ஏறிக்கொண்டார்.